நீச்சல்குள ஃபில்டர் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

குளத்துத் தண்ணீர் லேசாக மங்கினாலே பழி முதலில் ஃபில்டர் மேல்தான் விழும். சிலர் உடனே மூடியைக் கழற்றி மணலைக் கிளறுவார்கள். சிலர் தினம் தினம் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த் திசையில் ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது) போடுவார்கள். பல வருடங்களாகக் குளங்களைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: "ஃபில்டர் போச்சு" என்று கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் ஃபில்டர் நன்றாகவே இருந்திருக்கிறது. கோளாறு அதற்கு முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், இல்லையென்றால் தண்ணீரிலேயே இருக்கும்.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பிரஷர் கேஜைப் பாருங்கள். ஃபில்டரின் தலையிலோ வால்வின் பக்கத்திலோ இருக்கும் அந்தச் சின்ன வட்டம்தான் உள்ளே நடப்பதைச் சொல்லும். அதைப் படிக்க ஒரே ஒரு விதி போதும். தண்ணீர் போகும் வழியில் கேஜுக்குப் பின்னால் அடைப்பு என்றால் முள் ஏறும். முன்னால் அடைப்பு என்றால் முள் இறங்கும். கீழே வரும் பாதிக் கோளாறுகளை இந்த விதியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முள் ஏறியதா இறங்கியதா என்று தெரிய, சாதாரணமாக அது எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஃபில்டரை நன்றாகச் சுத்தம் செய்து, பம்பை ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து கேஜ் காட்டும் எண்ணை அழியாத மையில் தொட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். அது 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். பைப்பின் நீளம், பம்பின் பலம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால் பொதுவாக 'சரியான எண்' என்று ஒன்று கிடையாது. வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் என்றால் எந்த வேகத்தில் எடுத்த எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது.

கேஜ் பொய் சொல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்தினால் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராமல் 8லேயே நின்றால் மாற்ற வேண்டியது கேஜைத்தான். விலை குறைந்த பொருள் அது, தயங்காமல் மாற்றுங்கள்.

கை வைப்பதற்கு முன்

இதை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். ஃபில்டர் தொட்டி அழுத்தம் ஏறி நிற்கும் பாத்திரம். உள்ளே காற்று சிக்கியிருந்தால் அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கிக் கிடக்கும். அந்த நிலையில் மூடியைத் தொட்டியோடு இறுக்கும் நடு வளையத்தைத் தளர்த்தினாலோ, வளையம் சரியாக உட்காராமல் பம்பைப் போட்டாலோ, மேல்மூடி பறந்துவிடும். அப்படி ஆட்கள் படுகாயம் அடைந்திருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. பம்பை நிறுத்துங்கள், டைமர் தானாகப் போடாதபடி மெயின் பிரேக்கரையே அணையுங்கள், தலையில் இருக்கும் காற்று வெளியேற்றும் வால்வைத் திறந்துவிடுங்கள், முள் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பாருங்கள். அப்புறம்தான் எதையும் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது காற்று வால்வைத் திறந்தே வைத்து, பம்பை ஆன் செய்ததும் தொட்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். காற்று சீறி முடிந்து தண்ணீர் ஒரே சீராகப் பீச்சிய பிறகு வால்வை மூடலாம்.

இன்னொன்று: பம்ப் ஓடும்போது மல்டிபோர்ட் வால்வின் (தண்ணீர் போகும் பாதையை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்பவே கூடாது. அந்த ஒரு திருப்பலில் உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

அழுத்தம் ஏறிவிட்டது, குளத்துக்குள் வரும் தண்ணீரின் வேகம் குறைந்துவிட்டது

பழைய எண்ணைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (சுமார் 0.55 முதல் 0.7 பார்) ஏறியிருந்தால் ஃபில்டர் அழுக்கைப் பிடித்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம். இது கோளாறே இல்லை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது, கழுவச் சொல்கிறது.

மணல் ஃபில்டர் என்றால் பேக்வாஷ். பம்பை நிறுத்தி, கைப்பிடியை அமுக்கிப் பேக்வாஷுக்குத் திருப்புங்கள். வெளியேறும் குழாய் சுருண்டு மடங்காமல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு பம்பைப் போடுங்கள். வால்வின் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குமிழைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதலில் தண்ணீர் தெளிவாக வரும், 'அழுக்கே இல்லையே' என்று தோன்றும். சில நொடிகளில் திடீரென்று பழுப்பாகும். அப்புறம் மெல்ல வெளுத்து, ஒரு கட்டத்தில் தெளிந்துவிட்டதாக நினைக்கும்போது இன்னொரு அலை கலங்கலாக வரும். பலர் அந்த இரண்டாவது அலைக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். குமிழ் உண்மையாகவே தெளியும் வரை, 2 முதல் 3 நிமிடம், ஓட விடுங்கள். பம்பை நிறுத்தி, ரின்ஸுக்கு (மிஞ்சிய கலங்கலை வெளியேற்றும் நிலை) மாற்றி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓட்டி, மறுபடி நிறுத்தி, ஃபில்டர் நிலைக்குக் கொண்டுவாருங்கள். குளத்தில் நீர்மட்டம் இறங்கியிருக்கும், ஸ்கிம்மர் (குளத்துச் சுவரில் மேற்பரப்புத் தண்ணீரை உறிஞ்சும் திறப்பு) வாயின் பாதி உயரத்துக்கு நிரப்பிவிடுங்கள்.

பேக்வாஷ் முடிந்தும் அழுத்தம் இறங்கவில்லையா? முதலில் குளத்துக்குத் திரும்பும் பக்கத்து வால்வு ஏதாவது பாதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கேஜுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பு எல்லாமே முள்ளை ஏற்றும் என்றேன் அல்லவா? அதற்கு இதுதான் நல்ல உதாரணம். எல்லா வால்வும் முழுக்கத் திறந்திருந்தால் மணலைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

திறந்ததும் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆரோக்கியமான மணல் சமமாக, தளர்வாக இருக்கும், கை மணிக்கட்டு வரை எளிதாக இறங்கும். கெட்டுப்போன மணலில் விரல் ஒரு அங்குலம்கூட இறங்காது. மேலே பிசுபிசுப்பான ஒரு படலம், அதற்கடியில் ஈரக் களிமண் போல உருண்டைகள். சில இடங்களில் ஓரமாகப் பள்ளம் விழுந்து ஓடைத் தடம் போலத் தெரியும். தண்ணீர் மணலைத் துளைத்து வழி போட்டுக்கொண்டு, வடிகட்டப்படாமலேயே ஓடுகிறது என்பதற்கு அந்தத் தடமே சாட்சி. மேல்பகுதி மட்டும் கட்டியாக இருந்தால் தோட்டத்துக் குழாயை மணலுக்குள் செருகிக் கிளறி, கட்டிகளை உடைத்து, மிதந்து வரும் அழுக்கை வழித்தெடுத்துவிட்டு, நன்றாக ஒரு பேக்வாஷ் போடலாம். அடிவரை இறுகியிருந்தால், அல்லது மணல் போட்டு 5 முதல் 7 வருடம் ஆகியிருந்தால், மாற்றிவிடுவது நல்லது.

கழுவியதும் இறங்குகிறது, ஆனால் ஒரே நாளில் மறுபடி ஏறிவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பாசி. கண்ணுக்குப் பச்சை தெரியும் முன்பே பாசி ஃபில்டரை அடைக்க ஆரம்பித்துவிடும். குளோரின் அளவைச் சரிசெய்யாமல் பேக்வாஷ் மட்டும் போட்டுக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

கார்ட்ரிட்ஜைக் கழுவி மாட்டியும் அழுத்தம் குறையவில்லை

மடிப்புத் துணி உருளையால் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரில் பேக்வாஷ் கிடையாது, வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். சாதாரணக் குழாய் வேகத்தில், முனையை 45 டிகிரி சாய்த்து, மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக அலசுங்கள். அவசரத்துக்கு ஹை பிரஷர் வாஷரை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. அது துணியின் இழைகளைப் பிரித்து, அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வடிகட்டும் சக்தி போயிருக்கும்.

தண்ணீரில் அலசினால் தூசியும் மண்ணும்தான் போகும். சன்ஸ்கிரீன், தலை எண்ணெய், உடம்புப் பிசுக்கு எல்லாம் துணியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மடிப்பை விரல்களுக்கு நடுவே பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் எண்ணெய். காய்ந்த கார்ட்ரிட்ஜ் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். அப்படி நின்றால் கார்ட்ரிட்ஜ் கழுவும் திரவத்தையோ டிரைசோடியம் பாஸ்பேட்டையோ பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அலசும்போது வாளித் தண்ணீர் சாம்பலும் பழுப்புமாக மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

மடிப்புகளில் வெள்ளையாக, சொரசொரப்பாகப் படிந்திருந்தால் அது சுண்ணாம்பு. அதற்கு மட்டும்தான் அமிலம் வேண்டும். ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 20 பங்கு தண்ணீர் எடுத்து, நுரை பொங்குவது நிற்கும் வரை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். இங்கே வரிசை ரொம்ப முக்கியம்: எண்ணெய் போன பிறகுதான் அமிலம். பிசுக்கு இருக்கும்போதே அமிலத்தில் போட்டால் அழுக்கு துணியில் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்தக் கார்ட்ரிட்ஜைக் குப்பையில்தான் போட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. குளோரின் பட்ட வாளியில் அமிலம் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் அழுத்தம் பழைய எண்ணுக்கு வரவில்லை, அல்லது மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகிவிட்டன, குறுக்கே கட்டியிருக்கும் பட்டைகள் அறுந்துவிட்டன என்றால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு செட் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்று ஓடும்போது மற்றொன்று நிதானமாக ஊறிக் காயும். இல்லாவிட்டால் ராத்திரி ஊறவைக்கும் வேலையை யாரும் செய்வதில்லை.

அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவு

இப்போது கேஜுக்கு முன்னால் தேடுங்கள். நீர்மட்டம் ஸ்கிம்மருக்குக் கீழே போய்விட்டதா? ஸ்கிம்மர் கூடை இலையால் நிரம்பியிருக்கிறதா? பம்பின் முன்கூடை? இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது, பெரும்பாலும் இங்கேயே விடை கிடைத்துவிடும்.

மூன்றும் சரி, ஆனாலும் முள் கீழேயே நின்று துடிக்கிறது, பம்ப் சத்தம் கரகரக்கிறது என்றால் இம்பெல்லரில் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) முடியோ விதையோ சிக்கியிருக்கலாம். மின்சாரத்தை பிரேக்கரிலேயே துண்டித்து, கூடையை எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் துவாரத்தில் வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டி எடுங்கள்.

அழுத்தம் குறைவு, ஆனால் குளத்துக்குள் தண்ணீர் நல்ல வேகத்தில் வருகிறது என்றால் அது வேறு கதை. தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமலேயே திரும்புகிறது. கைப்பிடி ரீசர்குலேட் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜ் என்றால் அது தன் இருக்கையில் முழுதாக உட்காராமல் ஓரத்தில் வழி விட்டிருக்கும்.

குளத்துக்குள் காற்றுக் குமிழிகள் வருகின்றன

பம்புக்கு முன்னால் எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் 'எங்கேயும் ஈரமே இல்லையே' என்று ஏமாந்துவிடாதீர்கள். முதல் சந்தேகம் பம்ப் மூடியின் ஓ-ரிங் மேல். அதை எடுத்துத் துடைத்து, வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும். அடுத்து வடிகால் அடைப்பான், அடுத்து குழாய்களைக் கழற்றி மாட்டும் யூனியன் இணைப்புகள். ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பின் மேலும் குழாயால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் ஊற்றும்போது குமிழி நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை.

குளத்தின் தரையில் மணல்

முதலில் அது மணல்தானா என்று உறுதி செய்யுங்கள். மஞ்சள் பாசியும் பார்க்க மணல் மாதிரியே நிழலான மூலைகளில் படியும். பிரஷால் தள்ளினால் பாசி புகை போலக் கிளம்பும், மணல் சற்று எழும்பி உடனே விழும். கையில் எடுத்துத் தேய்த்தாலும் நறநறப்பில் தெரிந்துவிடும். தண்ணீர் திரும்பும் வாயில் ஒரு பழைய நைலான் காலுறையைக் கட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டால் சந்தேகமே இருக்காது.

மணலை மாற்றிய ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம், நுண்தூள் கழுவிப் போகிறது. தொடர்ந்து வந்தால் தொட்டியின் அடியில் விரல்கள் போல விரிந்திருக்கும் லேட்டரல் குழாய்களில் ஒன்று உடைந்திருக்கிறது, அல்லது நடுக்குழாய் தன் இடத்தில் இருந்து விலகியிருக்கிறது. மணல் முழுவதையும் எடுக்காமல் இதற்கு வழியில்லை. மேலே மண்வாரியால் எடுக்கலாம், அடியை நெருங்கியதும் ஒரு குவளையால், கடைசியில் கையால். ஒரு உடைந்த லேட்டரலைப் பார்க்கப் போய் இன்னும் இரண்டை உடைத்தவர்கள் உண்டு. திரும்பப் போடும்போது நடுக்குழாயின் வாயை டேப்பால் மூடி, தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பி, அதன் மேல் மணலை மெல்லக் கொட்டுங்கள். தண்ணீர் மெத்தை போல நின்று, விழும் கனத்தைத் தாங்கும். மணல் 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் அளவுள்ள ஃபில்டர் மணலாகவே இருக்க வேண்டும். கட்டுமான மணல் ஆகாது. டேப்பை எடுக்க மறக்காதீர்கள். முதலில் பேக்வாஷ், அப்புறம் ரின்ஸ், கடைசியில்தான் ஃபில்டர். புதிய அழுத்த எண்ணையும் எழுதிவிடுங்கள்.

டயாட்டம் மண் தூளால் வடிகட்டும் டி.இ. ஃபில்டரில் மணலுக்குப் பதில் வெள்ளைத் தூள் குளத்துக்கு வரும். அங்கே கிழிந்திருப்பது உள்ளிருக்கும் துணிச் சட்டங்களில் ஒன்று. அந்தத் தூளைக் கையாளும்போது முகமூடி கட்டாயம், நுரையீரலுக்குக் கெடுதல்.

ஃபில்டர் நிலையில் ஓடும்போதே வெளியேற்றும் குழாயில் தண்ணீர் கசிகிறது

குளத்து நீர்மட்டம் காரணம் தெரியாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் இந்தக் குழாய் வாயைப் பாருங்கள். மல்டிபோர்ட் வால்வுக்குள் சக்கர ஆரம் போல இருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் தேய்ந்திருக்கும், அல்லது அதற்கடியில் ஒரு மணல் துணுக்கு சிக்கியிருக்கும். வால்வு மூடியும் உடலும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள், திரும்ப அதே திசையில் உட்காரும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இதே கேஸ்கெட் கோளாறு, அழுக்குத் தண்ணீர் வடிகட்டப்படாமல் குளத்துக்கே திரும்புவதற்கும் காரணமாகலாம். பேக்வாஷுக்குப் பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கலங்கல் வந்தால் கேஸ்கெட்டைக் குறை சொல்லாதீர்கள். ரின்ஸ் செய்ய மறந்திருப்பீர்கள்.

கேஜ் சரி, ஓட்டம் சரி, தண்ணீர் மட்டும் மங்கல்

இந்த இடத்தில்தான் ஃபில்டர் அநியாயமாகப் பழி சுமக்கிறது. மணல் ஃபில்டர் பிடிப்பது சுமார் 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களை. கார்ட்ரிட்ஜ் 10 முதல் 20 வரை, டி.இ. 3 முதல் 5 வரை. மனிதத் தலைமுடியே 50 முதல் 100 மைக்ரான் தடிமன்தான். செத்த பாசித் துணுக்குகளும் பாக்டீரியாவும் மணலின் இடுக்குகளில் சுலபமாக நழுவிவிடும். ஃபில்டர் எதையும் கொல்லாது. கொல்வது குளோரின், பிடிப்பது ஃபில்டர்.

அதனால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். கடினத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் பிஎச் 8ஐத் தாண்டினால் சுண்ணாம்பு பிரிந்து பால் போல மங்கும், அதை எந்த ஃபில்டராலும் சட்டென்று தெளியவைக்க முடியாது. கட்டற்ற குளோரின் (கிருமியைக் கொல்ல இன்னும் மிச்சமிருக்கும் குளோரின்) 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே போகக் கூடாது. சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள்) கலந்த குளத்தில் 2க்குக் கீழே போகக் கூடாது.

அடுத்தது ஓடும் நேரம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் 44.8 கன மீட்டர் தண்ணீர். மணிக்கு 8 கன மீட்டர் தள்ளும் பம்ப் அதை ஒரு சுற்று அனுப்பவே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்சாரம் மிச்சம் என்று மூன்று மணி நேரம் ஓட்டினால் பாதிக் குளம் அன்று ஃபில்டரையே பார்க்காது. சரி, பெரிய பம்பாகப் போட்டுவிடலாமா? வேண்டாம். அரை மீட்டர் விட்டமுள்ள மணல் ஃபில்டரின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். மணிக்கு 10 கன மீட்டருக்கு மேல் அதில் திணித்தால் தண்ணீர் மணலைத் துளைத்துக்கொண்டு ஓடும், அழுக்கும் கூடவே போகும். நிதானமாக, நீண்ட நேரம் ஓட்டினால்தான் தண்ணீர் தெளியும்.

தினமும் பேக்வாஷ் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். லேசாக அழுக்குப் படிந்த மணல்தான் சின்னத் துகளையும் பிடிக்கும், இடுக்குகள் சுருங்குவதால். ஒரு குளத்தில் வாரக்கணக்கில் மங்கல் போகவில்லை. மணலைக்கூட மாற்றிவிட்டார்கள். அங்கே நான் செய்தது குளோரினைச் சரிசெய்து, பேக்வாஷை நிறுத்தச் சொன்னது மட்டும்தான். மூன்றாம் நாள் அடியில் ஓடுகளின் கோடுகள் தெரிந்தன. அழுத்தம் 4 பிஎஸ்ஐதான் ஏறியிருந்தது.

இன்னும் மங்கல் நின்றால் துகள்களை ஒட்டவைக்கும் கிளாரிஃபையர் உதவும். சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் மணலே கட்டியாகும். ஃபிளாக் மருந்து போட்டு எல்லாவற்றையும் தரைக்கு இறக்கினால் அந்தப் படிவை வேஸ்ட் நிலையில் வைத்து நேராக வெளியே உறிஞ்சிவிடுங்கள். ஃபில்டர் வழியாக விட்டால் ஒரே மூச்சில் அடைத்துவிடும்.

அதுவரை ஒரு கட்டுப்பாடு. கரையில் நின்று பார்த்தால் ஆழமான பகுதியின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா? தெரியாவிட்டால், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும், யாரையும் இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் ஒருவர் மூழ்கினால் மேலே நிற்பவரின் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார்.